நடமாட்டம் குறைந்தவருக்காக வீட்டுக் குளியலறையை மாற்றுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதில் ஏமாறக் கூடாது

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் பலவீனமாகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று சொன்னபோது என் கையில் இருந்தது நான்கு நாள். அந்த நான்கு நாளையும் கடைகளில் பொருள் பார்த்தே கழித்தேன். கைப்பிடி வாங்கினேன், நாற்காலி வாங்கினேன், புதுக் கமோடுக்கு முன்பணம் கொடுத்தேன். அம்மா வீட்டுக்கு வந்து முதல் முறை குளியலறைக்குள் போனபோதுதான் தெரிந்தது, வாங்கியதில் பாதி அவருக்குப் பொருந்தவில்லை. பதித்த டைல்ஸை இரண்டு முறை உடைத்தோம். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்பதற்காக, நான் எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் ஆளை அளந்துகொள்ளுங்கள், அறை அப்புறம்

கடைக்குப் போகாதீர்கள். கொத்தனாரையும் இன்னும் கூப்பிட வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, கொஞ்சம் சாக்கட்டி போதும்.

அவரை உறுதியான நாற்காலி ஒன்றில் பாதம் தரையில் முழுதாகப் படியும்படி உட்கார வைத்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கமோடு, குளிக்கும் நாற்காலி எல்லாவற்றின் உயரமும் இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவாகும். நின்றபடி அவர் கையை எங்கே வைத்தால் முழங்கை லேசாக மடங்குகிறது, உட்கார்ந்தபடி கை எவ்வளவு தூரம் எட்டுகிறது, எந்தக் கைக்கு நல்ல பிடி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். சக்கர நாற்காலியோ வாக்கரோ இருந்தால் அதன் அகலத்தையும் அளக்க வேண்டும். கேட்லாக்கில் போட்டிருப்பதை நம்பாமல், அவர் கை சக்கரத்தின் மேல் இருக்கும்போது வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை நீங்களே அளங்கள்.

அப்புறம் ஒரு முழு நாள் கவனியுங்கள். படுக்கையிலிருந்து குளியலறைவரை எங்கெல்லாம் சுவரைப் பிடிக்கிறார், எங்கே தயங்குகிறார், எங்கே திரும்பச் சிரமப்படுகிறார்? அவர் கை தானாகப் போய்ப் பிடிக்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி வையுங்கள். இராத்திரிப் பயணத்தையும் பாருங்கள், பகலில் சமாளிப்பவர் தூக்கக் கலக்கத்தில் அதே வழியில் தடுமாறுவார்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்க வழி இருந்தால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால், ஏற்கெனவே பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டிடம் குளியலறையின் படங்களையும் அளவுகளையும் காட்டிக் கேளுங்கள். இந்த உடல்நிலை அடுத்த ஒரு வருடத்தில் தேறுமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்தில் நடக்கப் போகிறவருக்கும், போகப் போகத் தளரும் நோய் உள்ளவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

இன்னொன்று. நாம் நம் வசதிக்காக முடிவெடுத்துவிட்டு அவரிடம் ‘இப்படிச் செய்கிறோம்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. உடம்பு அவருடையது, அந்தரங்கமும் அவருடையதுதான். நான் அம்மாவிடம் கேட்காமல் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். பாதுகாப்புக்காகத்தான். ஆனால் யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் அவசரப்பட ஆரம்பித்தார், அந்த அவசரமே ஆபத்து. வெளியிலிருந்து நாணயத்தாலோ திருப்புளியாலோ திறக்கக்கூடிய பூட்டு கிடைக்கிறது, அதைப் போட்ட பிறகுதான் நிம்மதியாகப் போய் வந்தார்.

2. உடைக்காமல் இன்றே செய்யக்கூடியவை

பெரிய வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சமாளிக்க இவை போதும், பலருக்கு இவையே நிரந்தரமாகவும் போதும்:

- நான்கு காலிலும் ரப்பர் மூடியும் கைதாங்கியும் உள்ள, உயரத்தை மாற்றக்கூடிய குளிக்கும் நாற்காலி.
- நீளமான குழாய் உள்ள கை ஷவர். 150 செ.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள், உட்கார்ந்தபடி முதுகுவரை எட்ட வேண்டும்.
- கமோடின் மேல் பொருத்தும் உயர்த்தும் இருக்கை. 5, 10, 15 செ.மீ. உயரங்களில் கிடைக்கும்.
- தொட்டியில் குளிப்பவர் என்றால், தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியேவரை நீளும் பலகை இருக்கை. வெளியே உட்கார்ந்து நகர்ந்து உள்ளே போகலாம், காலைத் தூக்கித் தாண்ட வேண்டியதில்லை.
- படுக்கையிலிருந்து குளியலறைவரை ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகள்.
- தரையில் நழுவும் மிதியடிகளை எல்லாம் எடுத்துவிடுவது. செலவே இல்லை.

உறிஞ்சு கிண்ணம் வைத்த, சுவரில் அழுத்தி ஒட்டும் கைப்பிடி மட்டும் வேண்டாம். நேற்றுவரை உறுதியாக இருந்தது இன்று ஆளின் முழு எடை விழும் நேரத்தில் கழன்றுவிடும். துண்டு போடும் கம்பியும் அப்படித்தான், துண்டின் எடைக்குச் செய்தது அது. ஆனால் விழப் போகிறவர் கை அதைத்தான் தேடும். முடிந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதே இடத்தில் உண்மையான கைப்பிடியைப் போட்டுவிடுங்கள்.

3. காகித வேலை, அதுவும் சுத்தியல் எடுப்பதற்கு முன்

உதவித்தொகை, காப்பீடு, வரிச்சலுகை என்று எதையாவது எதிர்பார்த்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இத்தகைய உதவிகள் பலவற்றில் ஒப்புதல் கிடைத்த பிறகு தொடங்கும் வேலைக்குத்தான் பணம். முடித்துவிட்டு ரசீதோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை மேலே சொன்ன தற்காலிக ஏற்பாட்டில் ஓட்டுங்கள்.

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும். தெரபிஸ்ட்டின் எழுத்துபூர்வமான மதிப்பீடு, அளவுகளோடு. இந்த மாற்றம் ஏன் தேவை என்று சொல்லும் மருத்துவரின் கடிதம். இருந்தால், மாற்றுத்திறன் சான்றிதழின் நகல். வேலைக்கு முந்தைய படங்கள். வேறு வேறு ஆட்களிடம் வாங்கிய இரண்டு மூன்று செலவு மதிப்பீடுகள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தர வேண்டுமா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது. அடுக்குமாடி என்றால் சங்கத்துக்கும் கீழ்வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்கள் தரை அவர்கள் கூரை. சுவரை இடிப்பதாகவோ கதவை அகலமாக்குவதாகவோ இருந்தால், அது எடை தாங்கும் சுவரா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாது.

4. செலவு எங்கே போகிறது

கைப்பிடி, நாற்காலி, கை ஷவர் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தத்தில் சிறு பங்குதான். பணத்தை விழுங்குவது தரையை உடைப்பதும், கழிவுக்குழாயை நகர்த்துவதும், நீர்த்தடுப்புப் பூச்சும். அதனால் முதல் கேள்வியே ‘கமோடு இருக்கும் இடத்திலேயே இருந்தால் சமாளிக்க முடியுமா’ என்பதுதான். அதை அரை மீட்டர் நகர்த்தினால் கழிவுக்குழாய், வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), தரை என்று எல்லாமே நகரும். வாஷ்பேசினை நகர்த்துவது அதைவிடப் பல மடங்கு எளிது. இடம் வேண்டுமென்றால் முதலில் வாஷ்பேசினை மாற்றிப் பாருங்கள்.

மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உடைத்து அள்ளுவது, குழாய், மின்சாரம், நீர்த்தடுப்பு, டைல்ஸ், பொருள்கள், கூலி எல்லாம் தனித்தனியாக. இடிபாடுகளை அகற்றும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், எங்களுக்கு அது கடைசியில்தான் தெரிந்தது. பழைய டைல்ஸை எடுத்ததும் அழுகிய குழாயோ ஈரச் சுவரோ தெரிய வரலாம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கிவைத்திருந்தால் பாதியில் நிற்காது.

5. கதவும் வாசல்படியும்

கதவின் அகலம் என்று நாம் சொல்வதும், ஆள் நுழையக் கிடைக்கும் இடைவெளியும் ஒன்றல்ல. கதவை 90 டிகிரிக்குத் திறந்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலைவரை அளந்தால் வருவதுதான் உண்மையான வழி. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் விதிமுறை இதற்குக் குறைந்தது 81 செ.மீ. கேட்கிறது. வீட்டில் இரண்டு மூன்று செ.மீ. குறைந்தால் உடனே நிலையைப் பெயர்க்காதீர்கள். கதவை வழியிலிருந்து முழுதாக விலக்கிவிடும் வளைந்த கீல்கள் இருக்கின்றன, கதவுப்பலகையின் கனம் அளவுக்கு இடம் மிச்சமாகும். பல வீடுகளில் அதுவே போதும்.

உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் கட்டாயம் மாற்றுங்கள். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே கிடந்தால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. வெளிப்பக்கம் திறக்க வையுங்கள், அல்லது பக்கவாட்டில் நகரும் கதவு போடுங்கள். தண்ணீரை மறிக்கக் கட்டிய வாசல் மேடு 13 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, அதையும் சாய்வாகச் செதுக்க வேண்டும்.

சக்கர நாற்காலி முழுவட்டம் திரும்ப 150 செ.மீ. விட்டம் வேண்டும். பெரும்பாலான வீட்டுக் குளியலறைகளில் அது கிடையாது, அதற்காக மனம் தளர வேண்டாம். சக்கரம் வைத்த, நடுவில் துளையுள்ள குளியல் நாற்காலி ஒன்று உண்டு. படுக்கையறையிலேயே அதில் உட்கார வைத்து, கமோடின் மேல் பின்னோக்கி ஓட்டி, அப்படியே ஷவருக்குக் கொண்டுபோகலாம். ஈரத்தரையில் ஆளைத் தூக்கி மாற்றும் வேலையே இல்லை. ஆனால் இந்த நாற்காலியை வாங்கப் போகிறீர்கள் என்றால் உயரமான கமோடு போடக் கூடாது, நாற்காலி அதன் மேல் ஏறாது. நாற்காலியின் அடிப்பகுதி உயரத்தை அளந்துவிட்டுக் கமோடு வாங்குங்கள்.

6. கைப்பிடிக் கம்பிகள்: நான் அதிகம் தவறிய இடம்

கொத்தனாரிடம் நான் சொன்னது ‘வலது பக்கச் சுவரில் கம்பி போடுங்கள்’ என்று. அம்மாவுக்கு வலக்கைதான் நன்றாக இருக்கிறது. கொத்தனார் கமோடைப் பார்த்தபடி நின்று வலப்பக்கம் போட்டார். அம்மா உட்கார்ந்ததும் அது இடப்பக்கம் ஆகிவிட்டது, பிடிக்கவே முடியாத கைக்கு. இது யாருக்கும் நடக்கும். அதனால் வலது இடது என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து காட்டி, சுவரில் குறி போட்டுக் கொடுங்கள்.

இதே சிக்கல் போவதிலும் வருவதிலும் உண்டு. உள்ளே போகும்போது நல்ல கைப்பக்கம் இருக்கும் சுவர், திரும்பி வரும்போது பலவீனமான பக்கத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பலவீனம் உள்ளவர்களுக்கு வழியின் இருபுறமும் பிடி வேண்டும். ஒரு கம்பியோடு நிறுத்திவிட்டு ‘போகத் தெரிகிறது, வரத் தெரியவில்லை’ என்று அவரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

நிமிர்ந்து நிற்கும் கம்பி, நிலைதடுமாறாமல் பிடித்துக்கொள்ளவும் இழுத்து எழவும். கதவருகிலும் ஷவர் வாசலிலும் அது வேண்டும். படுக்கைவாட்டில் இருப்பது அழுத்தி எழுவதற்கு, கமோடின் பக்கத்தில். சாய்வான கம்பியில் ஈரக்கை கீழே வழுக்கும், நான் போட மாட்டேன். உயரத்துக்கு மேலே சொன்ன அமெரிக்க விதிமுறையில் 84 முதல் 91 செ.மீ. என்று இருக்கிறது. அது பொது இடங்களில் பலருக்குமாக வைத்த அளவு. அம்மா உயரம் குறைந்தவர், அழுத்தி எழ அவருக்குச் சரியாக வந்தது 70 செ.மீ. உங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் செய்கிறீர்கள், அவர் கையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கம்பியின் கனம் 32 முதல் 38 மி.மீ., மேல்பரப்பு சொரசொரப்பாக. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 மி.மீ. இடைவெளி. அதைவிட அதிகமானால் கை வழுக்கும்போது முன்கை இடையில் புகுந்து மாட்டிக்கொள்ளும், எலும்பே முறியலாம்.

எதில் திருகுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதே விதிமுறை கம்பி சுமார் 113 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. டைல்ஸ் எதையும் தாங்காது, பின்னால் இருக்கும் சுவர்தான் தாங்கும். கெட்டியான செங்கல், கான்கிரீட் என்றால் கவலையில்லை. உள்ளே வெற்றிடம் உள்ள கல்லோ பலகைச் சுவரோ என்றால் சாதாரணப் பிளாஸ்டிக் செருகி பிடிக்காது. வெற்றிடக் கல்லுக்கு அதற்கென்று உள்ள ரசாயன நங்கூரம் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட்) வேண்டும், பலகைச் சுவர் என்றால் டைல்ஸுக்குப் பின்னால் 18 மி.மீ. ஒட்டுப்பலகையை (பிளைவுட்) சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட வேண்டும். சுவர் திறந்திருக்கும்போதே, இப்போது கம்பி வேண்டாத இடங்களிலும் பலகையை வைத்துவிடுங்கள். மூடுவதற்கு முன் டேப்பை நீட்டிப் பிடித்து, குழாயும் பலகையும் எங்கே ஓடுகின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் துளை போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

7. உட்காரும் உயரம்

முதலில் எடுத்த முழங்கால் அளவோடு இரண்டு முதல் ஐந்து செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதே அமெரிக்க விதிமுறை 43 முதல் 48 செ.மீ. என்கிறது, சாதாரணக் கமோடு பெரும்பாலும் 40 செ.மீ. அளவில்தான் இருக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு முழங்காலைவிட இடுப்பு உயர்ந்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பலரும் சொல்வார்கள், அவர்களுக்குத் தாழ்ந்த இருக்கை ஆகாது. அதற்காக அளவுக்கு மீறி உயர்த்தினால் கால் தொங்கும், முன்னால் சரிவார். புதுக் கமோடு வாங்குவதற்கு முன் உயர்த்தும் இருக்கையை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். முன்பணத்தைத் திரும்பக் கேட்டு அலைந்தவன் சொல்கிறேன்.

8. தரை

ஷவர் பகுதிக்குத் தனி மேடோ தடுப்போ இல்லாமல், ஒரே மட்டமாக வாட்டம் மட்டும் கொடுப்பதுதான் நல்லது. வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. போதும். அதிகம் கொடுத்தால் சக்கர நாற்காலி தானாக உருளும், நிற்பவருக்கும் ஒரு பக்கம் சாய்வதுபோல இருக்கும். சுவரோரமாக நீளமான வடிகால் வைத்தால் தரை ஒரே திசையில் சரியும். நடுவில் வட்ட வடிகால் வைத்தால் நான்கு திசையிலும் சரிய வேண்டும், நாற்காலியின் ஒரு கால் ஆடும். மேல்மாடியில் தரையைத் தாழ்த்த எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பதைப் பிளம்பரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கிடைக்காத இடத்தில் சின்னச் சாய்தளம்தான் வழி.

டைல்ஸைக் கடையில் கையால் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு துண்டு மாதிரி வாங்கி வந்து, தண்ணீரும் சோப்பும் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். சிறிய டைல்ஸ்தான் தரைக்கு நல்லது, இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் பிடி கிடைக்கும். தரை, சுவர், கமோடு எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் பார்வை மங்கியவர்களுக்கு எது எங்கே என்று தெரியாது. இருக்கையும் கம்பியும் வேறு நிறத்தில் இருக்கட்டும். மறதிநோய் உள்ளவர்களுக்குத் தரையில் கறுப்புப் பட்டையோ கறுப்பு மிதியடியோ பள்ளம்போலத் தெரியலாம், தாண்டப் பார்த்து விழுவார்கள்.

நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். நாள் தள்ளிப்போகிறது என்று இதை விட்டுவிடச் சொல்வார்கள். விடாதீர்கள்.

9. சுடுதண்ணீர், குழாய், மணி

60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், 49 டிகிரியில் சில நிமிடம் ஆகும். உணர்ச்சி குறைந்த கைகாலுக்குச் சூடு தெரியாது, விலகிக்கொள்ளவும் முடியாது. அதற்காக வெந்நீர்த் தொட்டியின் (கீசரின்) சூட்டைக் குறைத்துவிடாதீர்கள், தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். தொட்டி 60-இல் இருக்கட்டும், வெளியே வரும் நீரை வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு போட்டு 49-க்குக் கீழே நிறுத்துங்கள். திருகும் குழாய்க்குப் பதில் நெம்பி திறக்கும் கைப்பிடி போட்டால் முஷ்டியாலும் திறக்கலாம். அழைப்பு மணியின் கயிறு தரைக்குக் கொஞ்சம் மேலேவரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவர் எட்டுவதற்குத்தானே அது.

10. எத்தனை நாள்

கைப்பிடிகள் மட்டும் என்றால் அரை நாள். முழு மாற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வையுங்கள். எங்களுக்கு 12 நாள் என்று சொன்னார்கள், 19 ஆனது. சோம்பல் காரணமில்லை, பூச்சு ஒவ்வொரு முறையும் காய வேண்டும், டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு நாள் மிதிக்கக் கூடாது, இடுக்குகளை அடைக்கும் சிலிகான் பசைக்கும் ஒரு நாள்.

எல்லாப் பொருளும் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே உடைக்கச் சொல்லுங்கள். ஒரு வால்வு வராததால் எங்கள் வேலை நான்கு நாள் நின்றது. வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால், அந்த நாள்களில் அவர் எங்கே போவார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். உறவினர் வீடா, படுக்கையருகே வைக்கும் கமோடு நாற்காலியா, துடைத்துவிடுவதா? முடிந்தால் மருத்துவமனையிலோ மறுவாழ்வு மையத்திலோ இருக்கும் நாள்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

11. கணக்கு முடிப்பதற்கு முன்

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் உங்கள் முழு எடையைப் போட்டுத் தொங்கிப் பாருங்கள், தண்ணீரை ஊற்றி எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள், வெப்பமானியை வைத்து ஷவர் நீரின் சூட்டைப் பாருங்கள். அப்புறம் அவரை உலர்ந்த அறைக்குள், உடுத்திய உடையோடு, பகலில், அவசரம் இல்லாமல் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். முதல் குளியலே முதல் பழக்கமாக இருக்கக் கூடாது. ரசீதுகளும் உத்தரவாத அட்டைகளும் அந்தப் பழைய கோப்புக்கே போகட்டும்.

மாதம் ஒரு முறை திருகுகளையும் நாற்காலிக் காலின் ரப்பர் மூடிகளையும் பாருங்கள், தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த முதல் அளவுகளை மறுபடி எடுங்கள். அம்மா அதற்குள் நன்றாக நிற்கப் பழகியிருந்தார், ஷவர் அருகே கம்பியை 10 செ.மீ. மேலே ஏற்றக் கேட்டார். பின்னால் பலகை இருந்தது, எங்கே என்று படமும் இருந்தது. ஒரு டைல்ஸ்கூட உடையாமல் அரை மணி நேரத்தில் முடிந்தது.